பழைய லேப்டாப்பை வெளிநாட்டுக்கு விற்று அனுப்புவது எப்படி: ஓசூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

போன கோடையில் காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி பைக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். உள்ளே மூன்று பழைய திங்க்பேட் லேப்டாப். ஜெர்மனியில் ஆள் பிடித்து, விலை பேசி, பணமும் வாங்கியிருந்தான். பெட்டியோ மாங்கூழ் டின் வந்த அட்டைப்பெட்டி. சுற்றிலும் இண்டு இடுக்கு விடாமல் டேப். "எல்லாம் ரெடிண்ணா, மேல என்ன எழுதணும்னு மட்டும் சொல்லுங்க" என்றான்.

அந்த டேப்பை அறுக்கவே கால் மணி நேரம் ஆனது. சீரியல் நம்பரை எங்கும் குறித்து வைக்கவில்லை. ஏற்றுமதிக்கு வேண்டிய ஐஇசி எண் கிடையாது. "சும்மா இருக்கட்டும்னு" ஒரு உதிரி பேட்டரியையும் உள்ளே போட்டிருந்தான். பணம் எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்டால், அண்ணியின் சேமிப்புக் கணக்கு.

புதிதாக வருகிறவர்கள் இடறுவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்: பெட்டியை முதலில் கட்டிவிடுகிறார்கள். கீழே பாருங்கள், பெட்டி கட்டுவது ஒன்பதாவது வேலை.

1. எது போகும், எது போகாது என்று முதலில் பிரியுங்கள்

ஓசூர், பெங்களூரு கம்பெனிகள் கழித்துவிடும் சரக்கை லாட்டாக எடுத்தால் நல்லதும் கெட்டதும் கலந்துதான் வரும். அதை மூன்றாகப் பிரியுங்கள்: ஓடுவது, சரிசெய்தால் ஓடுவது, ஓடாதது. எல்லை தாண்டி அனுப்ப முதல் வகை மட்டும்தான்.

காரணம் இருக்கிறது. அபாயக் கழிவுகள் நாடு தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையின் திருத்தம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி மின்கழிவு எதுவானாலும், நச்சு உள்ளதோ இல்லாததோ, இரு நாட்டு அரசுகளின் முன் ஒப்புதல் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. ஓடாத லேப்டாப்பை "பார்ட்ஸுக்கு" என்று எழுதி அனுப்பினால், சுங்கத்தில் இருப்பவர் அதைக் கழிவாகப் பார்க்க எல்லா நியாயமும் உண்டு. ஓடாததை உள்ளூரில் பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பழுது பார்த்து விற்பதையே தொழிலாகச் செய்தால், 2022 மின்கழிவு விதிகளின்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் நீங்களும் பதிய வேண்டும்.

உப்பிய பேட்டரி, தனி லித்தியம் பேட்டரி, யூபிஎஸ் இவற்றைத் தொடாதீர்கள். ஃபயர்வால், விபிஎன் பெட்டி, ஏஐ வேலைக்கான பெரிய ஜிபியு கார்டு இவற்றையும் முதல் வருடம் தள்ளி வையுங்கள். குறியாக்கக் கருவிகள் அனுமதி வாங்கித்தான் ஏற்றுமதி செய்ய வேண்டிய பொருட்களுக்கான நம் நாட்டின் ஸ்கோமெட் பட்டியலின் எட்டாம் பிரிவில் வரலாம். ஜிபியுவுக்கு அமெரிக்காவின் மறுஏற்றுமதி விதியும் சேர்ந்துகொள்ளும். விற்ற பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

வாங்குகிற நாட்டையும் பாருங்கள். வியட்நாம் பழைய கம்ப்யூட்டர் சாமான்களை உள்ளே விடுவதில்லை. பிரேசிலும் பயன்படுத்திய நுகர்பொருளைத் தடுக்கிறது. ஆள் கிடைத்துவிட்டார் என்ற மகிழ்ச்சியில் இதை மறந்துவிடுவார்கள்.

2. நாள் பிடிக்கும் காகிதங்களை இப்போதே தொடங்குங்கள்

ஐஇசி எனப்படும் ஏற்றுமதி இறக்குமதி எண் இல்லாமல் வணிகச் சரக்கு நகராது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் (டிஜிஎஃப்டி) தளத்தில் பான் எண்ணை வைத்து விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும், உள்ளே போய் உறுதி செய்ய வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் விட்டுவிட்டால் எண் முடங்கிவிடும், அதுவும் பெட்டி விமான நிலையத்தில் இருக்கும்போதுதான் தெரியவரும்.

அடுத்து ஜிஎஸ்டி. "நம்ம விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டல, நமக்கு எதுக்கு?" என்று கேட்பார்கள். ஏற்றுமதியை மாநிலம் தாண்டிய விற்பனையாகச் சட்டம் கருதுகிறது. சரக்கை அப்படி விற்பவருக்கு அந்த வரம்பு பொருந்தாது, பதிவு கட்டாயம். பதிவு கிடைத்ததும் ஆர்எஃப்டி-11 படிவத்தில் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தைப் போட்டுவிடுங்கள். அப்போதுதான் வரி கட்டாமல் ஏற்றுமதி இன்வாய்ஸ் எழுத முடியும். ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் போட வேண்டும்.

மூன்றாவது வங்கி. நடப்புக் கணக்கு இருக்கும் வங்கியில் ஏடி கோடு (அந்நியச் செலாவணிக்கு அனுமதி பெற்ற வங்கிக் கிளையின் எண்) கடிதம் கேளுங்கள். அந்தக் கோடு நீங்கள் அனுப்பப்போகும் சுங்க நிலையத்தில் பதிந்திருக்க வேண்டும். ஓசூர்ப் பெட்டி பெங்களூரு வழியாகவும் போகலாம், சென்னை வழியாகவும் போகலாம். அதனால் எந்த விமான நிலையம் என்பதைக் கூரியரிடம் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கிரானைட்டும் மாங்கூழும் கப்பலேறும் மாவட்டம் இது. கிருஷ்ணகிரி ஆடிட்டர்களுக்கு ஐஇசி ஒன்றும் புதிதில்லை. ஆனால் அவர்கள் கை பழகியது கண்டெய்னருக்கு. ஐந்து கிலோ பெட்டிக்கு சிஎஸ்பி-5 என்ற கூரியர் ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி அறிவிப்பு) போதும் என்பதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

3. டிஸ்கைத் துடையுங்கள், பூட்டை அவிழுங்கள்

காகிதம் நகரும் நாட்களில் கைவேலையைப் பார்க்கலாம். சுழலும் ஹார்டு டிஸ்கை ஒருமுறை முழுக்க மேலெழுதினால் போதும், ஏழு முறை துடைப்பதெல்லாம் நேர விரயம். எஸ்எஸ்டிக்கு மேலெழுதுவது சரிப்படாது. தயாரிப்பாளரின் கருவியிலோ பயாஸிலோ இருக்கும் செக்யூர் எரேஸை ஓட்டுங்கள். ஏனென்றால் எஸ்எஸ்டி தன் உள்ளே ஒதுக்கி வைத்திருக்கும் இடங்களை மேலெழுத்து எட்டாது.

துடைப்பதைவிடப் பூட்டுதான் அதிகம் பழிவாங்கும். கம்பெனி லேப்டாப்பின் மதர்போர்டு அந்தக் கம்பெனியின் மைக்ரோசாஃப்ட் ஆட்டோபைலட் கணக்கில் பதிந்திருக்கலாம். டிஸ்கை மாற்றினாலும், விண்டோஸை எத்தனை முறை போட்டாலும் அது போகாது. வாங்கியவர் வீட்டு வைஃபையில் இணைத்ததும் திரையில் பழைய கம்பெனியின் பெயர் வந்து "உங்கள் அலுவலக ஐடியைக் கொடுங்கள்" என்று நிற்கும்.

அதனால் விண்டோஸை நிறுவும்போது முதல் அமைப்பிலேயே இணையத்தை இணைத்துப் பாருங்கள். நிறையப் பேர் சீக்கிரம் முடியட்டும் என்று இணையம் இல்லாமல் நிறுவி, "ஓகே" என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். பூட்டு இருந்தால், லாட் விற்ற கம்பெனியின் ஐடி ஆளிடம் சீரியல் நம்பர்களை அனுப்பி நீக்கச் சொல்லுங்கள். மேக்புக் என்றால் ஆக்டிவேஷன் லாக்கும் அதேபோலத்தான். பயாஸ் பாஸ்வேர்டு உள்ளதை இந்தப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

4. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சோதனைத் தாள்

மாடல், சீரியல் நம்பர், ஓட்டிப் பார்த்த தேதி, பேட்டரி எவ்வளவு தாங்குகிறது, டிஸ்கின் நிலை, கீறல், செத்த பிக்ஸல், கடைசியில் உங்கள் கையெழுத்து. அரைப் பக்கம் போதும். அதோடு நான்கு படம்: மூடிய மேற்பக்கம், ஓடும் திரை, கீபோர்டு, அடிப்பக்க லேபிள். லேபிளில் சீரியல் நம்பரும் எந்த நாட்டில் செய்தது என்பதும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

இந்தத் தாள் மூன்று இடத்தில் உதவும். கழிவு அல்ல, ஓடும் பொருள் என்று சுங்கத்தில் காட்டலாம். "வரும்போதே உடைந்திருந்தது" என்ற தகராறில் நீட்டலாம். மூன்றாவது உதவியை கடைசிப் படியில் சொல்கிறேன்.

5. கட்டுவதற்கு முன்பே அளவெடுத்து அனுப்பும் செலவைக் கேளுங்கள்

கூரியர்காரர்கள் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். வருகிற எண், தராசு எடை இரண்டில் எது பெரியதோ அதுதான் கணக்கு. 50 × 40 × 20 பெட்டி என்றால் 8 கிலோ. உள்ளே இருப்பது நாலரைக் கிலோவாக இருந்தாலும் 8 கிலோவுக்குத்தான் பணம். அதையே 42 × 32 × 18க்குள் அடக்கினால் 5 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டியைத் தேர்வு செய்வதிலேயே லாபத்தில் பாதி இருக்கிறது என்பேன்.

தபால் வழியும் உண்டு. 2022 முதல் அஞ்சல் துறையின் ஏற்றுமதி மையமான டாக் கர் நிர்யாத் கேந்திரா மூலம் தபால் ஏற்றுமதிப் பத்திரத்தை ஆன்லைனிலேயே போடலாம். ரேம், நெட்வொர்க் கார்டு, கேபிள் மாதிரி பேட்டரி இல்லாத சின்னச் சாமானுக்கு அது சிக்கனம். தருமபுரி, கிருஷ்ணகிரி தலைமை அஞ்சலகத்தில் போய் விசாரியுங்கள். லேப்டாப்புக்குப் பேட்டரி காரணமாகக் கூரியரே சரி.

6. விலை பேசும்போதே "அங்கே வரி யார் கட்டுவது" என்று கேளுங்கள்

கம்ப்யூட்டருக்கு வரி இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் சேர்ந்த நாடுகளில், சுங்கக் குறியீட்டில் கம்ப்யூட்டருக்கான 8471 தலைப்பில் வரும் பொருளுக்குப் பொதுவாகச் சுங்கத் தீர்வை பூஜ்யம். ஆனால் மதிப்புக் கூட்டு வரியான வாட் தனி. ஜெர்மனியில் 19 சதம், பிரிட்டனில் 20, சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 9.

லேப்டாப் 180 யூரோ, அனுப்பும் செலவு 45 என்று வைத்துக்கொள்வோம். வாட் 225க்குத்தான் போடுவார்கள், 180க்கு அல்ல. 42 யூரோ 75 சென்ட். அதன்மேல் கூரியரின் கையாளும் கட்டணம். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், வாசலில் பில்லைப் பார்த்ததும் வாங்குபவர் "வேண்டாம்" என்பார். திரும்பி வரும் செலவு உங்கள் தலையில்.

அமெரிக்காவுக்கு 800 டாலருக்குள் வரி இல்லை என்பது பழைய கதை. அந்தச் சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுள்ளது. அங்கே பொருள் எங்கிருந்து வருகிறது என்பதைவிட எங்கே செய்தது என்பதே தீர்வையை முடிவு செய்கிறது. சீனாவில் செய்த லேப்டாப் ஓசூரில் பத்து வருடம் குடியிருந்தாலும் அதன் பிறந்த நாடு சீனாதான்.

முடிவு எதுவோ, அதை எழுத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் "ஓகே" வந்தாலும் போதும்.

7. பணத்தை ஏற்றுமதிப் பணமாகவே வாங்குங்கள்

பணம் உங்கள் தொழில் பெயரில் உள்ள நடப்புக் கணக்கில் வரட்டும். பணம் எதற்கு வந்தது என்று சொல்லும் நோக்கக் குறியீட்டை வங்கி கேட்டால், சரக்குக்கு முன்பணம் என்றால் பி0103. அண்ணி கணக்கில் "குடும்பச் செலவு" என்று வந்த பணத்தை வங்கி உங்கள் ஷிப்பிங் பில்லோடு பொருத்த முடியாது. ஏற்றுமதி நடந்தது, பணம் வரவில்லை என்று கணக்கில் தொங்கிக்கொண்டே இருக்கும். அந்தத் தம்பி பணத்தைத் திருப்பி அனுப்பி, மறுபடி வாங்கினான். இரண்டு தடவை வங்கிக் கட்டணம்.

பேபால் வழியாக வாங்கினால், வாங்கியவர் 180 நாள் வரை தகராறு எழுப்பலாம். அதனால் படங்களையும் சோதனைத் தாளையும் ஆறு மாதத்துக்கு முன் அழித்துவிடாதீர்கள்.

8. இன்வாய்ஸ்: ஒரு பொருள், ஒரு வரி, ஒரே சொற்கள்

"கம்ப்யூட்டர் சாமான் - 3" என்று எழுதிய இன்வாய்ஸ் தானாகவே மேஜை ஓரத்துக்குப் போய்விடும். சரியான வரி இப்படி இருக்கும்: பயன்படுத்திய லேப்டாப், லெனோவோ திங்க்பேட் டி480, சோதித்து ஓடுவது, சீரியல் நம்பர் இன்னது, எச்எஸ் என்ற சுங்கக் குறியீடு 8471 30, செய்த நாடு சீனா, எண்ணிக்கை 1, விலை 180 யூரோ. நிஜத்தில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், வரிசை இதுதான்.

அடிக்கடி வரும் குறியீடுகள்: சர்வர் 8471 50, ஹார்டு டிஸ்க் 8471 70, மதர்போர்டு முதலிய உதிரிபாகம் 8473 30, நெட்வொர்க் ஸ்விட்ச் 8517 62, தனியாக விற்கும் அடாப்டர் 8504 40. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். நம் ஷிப்பிங் பில்லுக்கு எட்டு இலக்கம் வேண்டும், அதைச் சுங்கத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்வாய்ஸில் எழுதிய அதே சொற்கள் பேக்கிங் லிஸ்டிலும் ஷிப்பிங் பில்லிலும் வர வேண்டும். ஒன்றில் "நோட்புக்", இன்னொன்றில் "லேப்டாப்" என்று இருந்தால் கேள்வி வரும். கேட்பவர் மீது தப்பில்லை. நோட்டுப் புத்தகமும் நோட்புக்தான்.

வாங்குபவர்கள் சிலர் "20 டாலர்னு போடுங்க, கிஃப்ட்னு போடுங்க" என்பார்கள். ஏஜெண்டுகளும் கிஃப்ட் என்றால் மலிவு என்று ஆசை காட்டுவார்கள். கிஃப்டும் மாதிரிச் சரக்கும் போவது சிஎஸ்பி-4 என்ற வேறு கூரியர் பில்லில். கிஃப்டுக்கு 25,000 ரூபாய் வரை, விற்பனைக்கு அது இல்லை. அதில் போனால் எல்யூடிக்கு ஏற்றுமதிச் சான்று கிடைக்காது, வந்த பணத்துக்கு ஜோடி இல்லை, தொலைந்தால் 20 டாலர்தான் கிடைக்கும். பொய்யாக அறிவித்த சரக்கை 1962 சுங்கச் சட்டப்படி பறிமுதல் செய்யலாம் என்பது தனிக்கதை.

9. பேட்டரியை எண்ணுங்கள், அப்புறம் கட்டுங்கள்

இந்த ஒரு படிக்கு நேரம் கொடுங்கள். கருவிக்குள் பொருத்திய லித்தியம் அயான் பேட்டரிக்கு ஐ.நா. அபாயச் சரக்கு எண் யூஎன் 3481. தனி பேட்டரி யூஎன் 3480, அது 2016 முதல் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏறாது. ஒரு பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருந்தால் எளிய விதி. லேப்டாப்கள் பெரும்பாலும் அதற்குள்தான்.

இப்போது அந்தத் தம்பியின் பெட்டியை எண்ணுவோம். டி480இல் உள்ளே ஒரு பேட்டரி, பின்னால் கழற்றும் பேட்டரி ஒன்று. ஆக மூன்று லேப்டாப்பில் ஆறு. பெட்டிக்கு இரண்டு பேட்டரி வரைதான் அடையாள ஸ்டிக்கர் இல்லாமல் போகலாம். அவனுக்கு ஸ்டிக்கர் கட்டாயம். அவன் போட்ட உதிரி பேட்டரியால் பெட்டியின் வகையே "கருவியோடு சேர்த்துக் கட்டியது" என்று மாறி, வேறு விதித்தாள் வந்துவிட்டது. உதிரியை எடுத்து மேஜை மேல் வைத்தேன், பாதிச் சிக்கல் தீர்ந்தது.

சார்ஜை 30 சதத்துக்குக் கீழே இறக்கி, லேப்டாப்பை முழுக்க அணைத்து அனுப்புங்கள். ஸ்லீப்பில் விட்டால் வழியில் விழித்துச் சூடேறும். பேட்டரி வகையையும் எண்ணிக்கையையும் கூரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கணக்கு இல்லாத புது ஆளிடம் சில கூரியர்கள் லித்தியம் வாங்குவதில்லை.

நான் மாட்டியது வேறு இடத்தில். பேட்டரியே இல்லை என்று எழுதி, சர்வரில் பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு கார்டு ஆறு அனுப்பினேன். அதில் ஒன்றின் முதுகில், தீப்பெட்டி அளவில், கேச்சுக்கான லித்தியம் பேட்டரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்கேனில் தெரிந்தது. பெட்டி முழுதும் திரும்பி வந்தது. அன்றிலிருந்து கார்டுகளை வாங்கும்போதே புரட்டிப் பார்த்துவிடுகிறேன்.

கட்டுவதற்கு: புது ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி, லேப்டாப்புக்கு ஒரு உள்பெட்டி, எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் ஃபோம். ரேமும் போர்டும் முதலில் ஆன்டி-ஸ்டாடிக் பையில், பிறகுதான் பபிள் ரேப்பில். டெஸ்க்டாப் என்றால் கனமான கூலரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். கட்டி முடித்துக் குலுக்கினால் உள்ளே எதுவும் நகரக் கூடாது.

மாம்பழப் பெட்டி வேண்டவே வேண்டாம். பழம் என்று அச்சடித்த பெட்டியைப் பார்த்தால் தாவர நோய் பார்க்கிறவர் வருவார். வைக்கோல் திணிப்பதும் அதே வம்பு. மரப்பெட்டி என்றால் பூச்சி போகப் பதப்படுத்தியது என்று காட்டும் ஐஎஸ்பிஎம்-15 முத்திரை உள்ள மரமாக இருக்க வேண்டும்.

நம்ம ஊர் மூன்று முனைப் பவர் கார்டை வையாதீர்கள், அங்கே அது செருகாது, எடைதான் ஏறும். அடாப்டரில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

10. ஒப்படைப்பது

கூரியர் வீட்டுக்கு வந்து எடுத்தால் நல்லது. நீங்களே வண்டியில் பெங்களூருக்குக் கொண்டுபோவதாக இருந்தால், அத்திப்பள்ளி வந்தாலே வேறு மாநிலம். சரக்கு மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் சரக்கு கொண்டுபோவதற்கான ஈ-வே பில் வேண்டும். இன்வாய்ஸ் மூன்று நகல் பெட்டிக்கு வெளியே பையில், ஒன்று உள்ளே. எடை போட்ட பிறகு பெட்டியை ஆறு பக்கமும் படம் எடுங்கள்.

11. போன பிறகும், திரும்பி வந்தாலும்

சுங்கம் முடிந்ததும் சிஎஸ்பி-5 நகலைக் கூரியரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் தருவார்கள். அதிலுள்ள எண்ணும் தேதியும் ஜிஎஸ்டி விற்பனைக் கணக்குப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1இன் 6ஏ அட்டவணையில் ஏற வேண்டும். எல்யூடியில் அனுப்பிய சரக்கு, இன்வாய்ஸ் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் நாட்டை விட்டுப் போயிருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். பணம் வந்த வங்கிச் சான்றை வைத்து டிஜிஎஃப்டி தளத்தில் ஏற்றுமதிப் பணம் வந்ததற்கான சான்றிதழான ஈ-பிஆர்சியை நீங்களே எடுக்கலாம்.

பெட்டி திரும்பி வருவதுதான் எல்லோரும் மறக்கும் விஷயம். பழைய கம்ப்யூட்டரை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு உண்டு. நீங்கள் அனுப்பியதே திரும்பி வந்தாலும், இது அதே பொருள்தான் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். மூன்று வருடத்துக்குள் திரும்பினால் மறுஇறக்குமதிச் சலுகை கேட்க வழி உண்டு. ஆனால் ஷிப்பிங் பில்லோடு வந்த இன்வாய்ஸில் சீரியல் நம்பர் இருந்தால்தான் வாதம் நிற்கும். நான்காம் படியில் சொன்ன தாளின் மூன்றாவது உதவி இதுதான்.

அந்தத் தம்பியின் மூன்று திங்க்பேடும் பதினெட்டு நாள் கழித்துக் கிளம்பின. அதில் பதினாறு நாள் காகிதத்துக்கு. கட்டுவதற்கு ஆனது முக்கால் மணி நேரம்.